வாடகைத் தாய் மூலம் வெளிநாட்டில் பிறந்த குழந்தையோடு அங்கேயே தங்க வேண்டிய வாரங்களை எப்படிச் சமாளிப்பது?

வேறு நாட்டில் வாடகைத் தாய் வழியாக உங்களுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. பிறந்து இரண்டு வாரத்தில் திரும்பி வர டிக்கெட் போடலாமா, என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சாமான் பட்டியல் சின்ன விஷயம். கேள்விக்குள் இருக்கும் உண்மையான கேள்விகள் இரண்டு: அங்கே எத்தனை நாள் இருக்க நேரும், அதுவரை பெரியவர்கள் துணை இல்லாமல் கைக்குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்வது. என் வேலை பச்சிளங்குழந்தைகளைக் கவனிக்கும் மருத்துவப் பிரிவில். அதனால் பால், காமாலை, காய்ச்சல் பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆவணங்களைப் பொறுத்தவரை எல்லோருக்கும் பொதுவான வரிசையைத்தான் சொல்ல முடியும். உங்கள் குடியுரிமைக்கு எந்தத் தாள் வேண்டும் என்பதை உங்கள் நாட்டுத் தூதரகத்திடமும், இந்தத் துறையில் பழகிய வழக்கறிஞரிடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜென்சி வாய்மொழியாகச் சொல்வது அதற்கு ஈடாகாது.

முதலில் டிக்கெட். தேதி குறித்துத் திரும்பும் டிக்கெட் போடாதீர்கள். குழந்தை பயணத்துக்குத் தயாராவது ஒரு நாள், தாள்கள் தயாராவது இன்னொரு நாள்; இரண்டாவதுதான் எப்போதும் பின்னால் வரும். ஆறு வாரம் தங்குவதாகத் திட்டம் போட்டு, பத்து வாரத்துக்குப் பணமும் விடுப்பும் கையில் வைத்திருப்பது நியாயமான கணக்கு. குழந்தை பிறந்த நாடும் பெற்றோரின் நாடும் ஒரே மாதிரி யோசிக்காதபோது என்ன ஆகும் என்பதற்குப் பழைய வழக்குகளே போதும். 2008இல் இந்தியாவில் ஜப்பானியத் தம்பதிக்காகப் பிறந்த ஒரு குழந்தை மூன்று மாதத்துக்கு மேல் வெளியேற முடியாமல் இருந்தது. அதே ஆண்டு ஜெர்மானியத் தம்பதிக்குப் பிறந்த இரட்டையர் 2010 வரை காத்திருந்தார்கள். 2020இல் கொரோனாவால் எல்லைகள் மூடியபோது, கீவ் நகரில் ஒரு விடுதியில் டஜன் கணக்கான குழந்தைகள் பெற்றோர் வரும்வரை செவிலியர் கையில் இருந்தார்கள். இவை அடிக்கடி நடப்பவை அல்ல. ஆனால் ஜெர்மன் வழக்கில் சிக்கல் ஒன்றே ஒன்றுதான்: ஒரு நாடு பெற்றோர் என்று ஏற்றவர்களை இன்னொரு நாடு ஏற்கவில்லை. உங்கள் நாடு ஏற்குமா என்பதற்கான பதில் கருவுறுதலுக்கு முன்பே கையில் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இன்றே அதைத் தெளிவாக்குங்கள். சில நாடுகள் தடுப்பதோடு நிற்பதில்லை. இத்தாலி 2024இல், தன் குடிமக்கள் வெளிநாட்டுக்குப் போய் இதைச் செய்வதையும் குற்றமாக்கிவிட்டது.

தாள்களின் வரிசை பெரும்பாலும் இப்படிப் போகும். மருத்துவமனை தரும் பிறப்பு அறிக்கை, அதை வைத்து உள்ளூர்ப் பதிவகம் தரும் பிறப்புச் சான்றிதழ், அதற்கு அப்போஸ்டில் (ஆவணத்தை வெளிநாட்டில் செல்லவைக்கும்) முத்திரை, மொழிபெயர்ப்பு, பிறகு தூதரகத்தில் குடியுரிமை அல்லது பயண ஆவண விண்ணப்பம், தேவைப்பட்டால் டி.என்.ஏ. சோதனை, பாஸ்போர்ட், சில நாடுகளில் கடைசியாக வெளியேறும் அனுமதி. ஒன்று முடியாமல் அடுத்தது நகராது. அதனால் முதல் தாளில் விழும் பிழைதான் அதிக நாளைத் தின்னும். பெயரின் எழுத்துக்கூட்டல் அப்படிப்பட்ட பிழை. உள்ளூர் எழுத்து வேறாக இருக்கும் நாட்டில் (ஜார்ஜியா, உக்ரைன் போல) உங்கள் பெயர் அந்த எழுத்துக்குப் போய்த் திரும்ப வரும்போது ஓரெழுத்து மாறி வரும். உங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துக்கூட்டலையும், குழந்தைக்கு வேண்டிய பெயரையும் பெரிய எழுத்தில் அச்சடித்துப் பதிவகத்திலும் மொழிபெயர்ப்பாளரிடமும் கொடுங்கள். கையெழுத்துப் போடுமுன் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பிறப்புச் சான்றிதழில் சுருக்கப் படிவம், முழுப் படிவம் என இரண்டு வகை இருந்தால் பெற்றோர் விவரம் உள்ள முழுப் படிவத்தையே கேளுங்கள். நாலைந்து அசல் பிரதிகள் ஒரே நேரத்தில் வாங்கிவிடுங்கள். ஊர் திரும்பிய பிறகு ஒரு பிரதிக்காக அலைவது பெரும்பாடு.

அப்போஸ்டில் என்பது 1961 ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஒன்றின் ஆவணத்தை மற்றொன்று ஏற்பதற்கான முத்திரை. இரு நாடுகளில் ஒன்று சேராமல் இருந்தால் வெளியுறவுத் துறை, தூதரகம் என்று படிப்படியாகச் சான்று வாங்க வேண்டும். அதற்குக் கூடுதல் வாரம் ஆகும். கனடா 2024 ஜனவரியில்தான் அந்த ஏற்பாட்டுக்குள் வந்தது, எனவே பழைய அனுபவக் குறிப்புகளைப் படித்துக் குழம்ப வேண்டாம். பொதுவாக அப்போஸ்டில் ஒட்டிய பிறகே மொழிபெயர்க்க வேண்டும், ஏனென்றால் அந்த முத்திரையும் மொழிபெயர்ப்பில் வர வேண்டும். சில தூதரகங்கள் மொழிபெயர்ப்புக்கே தனி அப்போஸ்டில் கேட்கும். ஒருமுறை மின்னஞ்சலில் கேட்டு உறுதிசெய்தால் ஒரு சுற்று மிச்சமாகும்.

வாடகைத் தாய் தரவேண்டிய தாள்களைத்தான் பலர் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். அவருடைய அடையாள ஆவணத்தின் நகல், திருமண நிலைக்கான சான்று, குழந்தை மேல் உரிமை கோரவில்லை என்ற நோட்டரி முன்னிலையிலான ஒப்புதல், மணமானவர் என்றால் கணவரின் ஒப்புதலும். பல நாட்டுச் சட்டங்களில் மணமான பெண் பெற்ற குழந்தைக்குக் கணவரே தந்தை என்பதுதான் தொடக்க அனுமானம், அதனால் அந்தக் கையெழுத்து இல்லாமல் கோப்பு நகராது. பிரிட்டன் போன்ற நாடுகளில் பெற்றவரே சட்டப்படி தாய். வெளிநாட்டுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருந்தாலும் அது மாறாது. அதனால் குழந்தைக்குக் குடியுரிமை தந்தை வழியாக வருமா என்பதே வாடகைத் தாய்க்கு மணமாகிவிட்டதா இல்லையா என்பதைப் பொறுத்து மாறலாம். அவர் பிரசவம் முடிந்து சில நாளில் தன் ஊருக்குப் போய்விடுவார், அது அவர் உரிமை. பிரசவத்துக்கு முன் வாங்கக்கூடியதை முன்பே வாங்குங்கள். பிறந்த பிறகுதான் செல்லும் என்று சட்டம் சொல்லும் ஒப்புதலுக்கு, அவர் வீட்டுக்குக் கிளம்புமுன் நோட்டரியை ஏற்பாடு செய்துவையுங்கள்.

டி.என்.ஏ. பற்றி ஒரு எச்சரிக்கை. மருந்துக் கடையிலோ இணையத்திலோ வாங்கும் சோதனைப் பெட்டியின் முடிவை எந்தத் தூதரகமும் ஏற்காது. தூதரகம் ஒப்புக்கொண்ட ஆய்வகம், சாட்சி முன்னிலையில் எடுத்த மாதிரி, முத்திரையிட்ட உறை, இந்தச் சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பார்கள், வலிக்காது. குழந்தை தாய்ப்பால் குடிக்கிறது என்றால், எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து பால் கொடுக்காதீர்கள். பாலில் அதைத் தந்தவரின் செல்கள் இருக்கும், மாதிரி கெடலாம். மரபணுத் தொடர்புள்ள பெற்றோர் வேலைக்குத் திரும்பிவிட்டு மற்றவர் குழந்தையோடு இருப்பது என்ற ஏற்பாடு இந்த இடத்தில்தான் உடையும். தூதரக நேர்காணலும் மாதிரி எடுப்பதும் முடியும்வரை இருவரும் இருங்கள். ஒருவர் மட்டும் குழந்தையோடு பறப்பதாக இருந்தால் மற்றவரின் நோட்டரி ஒப்புதல் கடிதம் வேண்டும்.

தூதரகத்தில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ‘நானே பெற்றேன்’ என்று எழுதிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. பிரசவப் பதிவுகளோ வந்திறங்கிய தேதியோ ஒத்துப்போகாமல் அது பிடிபட்டால், தாமதம் என்ற நிலை போய்ப் பொய்ச் சான்று என்ற குற்றமாகிவிடும்.

பிறந்த மண்ணின் குடியுரிமை தானாகக் கிடைக்கும் கனடா போன்ற நாட்டில், அந்நாட்டுப் பாஸ்போர்ட்டிலேயே குழந்தையைக் கூட்டி வரலாம் என்பது வசதிதான். ஆனால் உங்கள் நாட்டுக்குள் அது வெளிநாட்டவராக விசாவோடு நுழையும். இரட்டைக் குடியுரிமை ஏற்காத நாட்டவர் பின்னால் வரும் விளைவை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த விசாவையும் மறந்துவிட வேண்டாம். தங்கும் நாட்கள் ஓடிக்கொண்டே இருக்கும். நீட்டிக்க முடியுமா, எங்கே என்பதைப் போகுமுன் தெரிந்துவையுங்கள். பாஸ்போர்ட் படத்துக்குக் கடைக்குப் போக வேண்டாம். வெள்ளைப் படுக்கை விரிப்பில் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் தலைக்கு நேர் மேலிருந்து எடுங்கள். நிழலும் யாருடைய கையும் விழக்கூடாது, வாயில் சூப்பான் இருக்கக்கூடாது. பால் குடித்து அரை மணி நேரம் கழித்து விழித்திருக்கும் வேளை நல்லது.

எப்போது போவது? ஒற்றைக் குழந்தை என்றால் 36 வாரம் முடிந்ததும் அங்கே இருப்பது நல்லது. இரட்டையர் என்றால் 33 அல்லது 34 வாரத்திலேயே; இரட்டையர் முழு மாதம் நிறைக்குமுன் பிறப்பது மிகவும் சாதாரணம். நீங்கள் போய்ச் சேருமுன் பிறந்துவிட்டால் சிகிச்சைக்கு யார் கையெழுத்திடுவது என்பதற்கு மருத்துவ அதிகாரப் பத்திரம் ஒன்று முன்கூட்டியே மருத்துவமனையில் இருக்கட்டும். காப்பீடும் இதே வகைதான். உங்கள் பயணக் காப்பீடு நீங்கள் கிளம்பும்போது பிறந்திராத ஒருவருக்குச் செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைமாதக் குழந்தை சில வாரம் இருந்தால் அந்தச் செலவு வாடகைத் தாய் ஏற்பாட்டுக்கு ஆன மொத்தச் செலவையே தாண்டும் நாடுகள் உண்டு. கர்ப்பம் நடக்கும்போதே வாங்கக்கூடிய பச்சிளங்குழந்தைக் காப்பீடு அங்கே கிடைக்கிறதா, வாடகைத் தாய் வழிப் பிறப்பை அது விலக்குகிறதா என்று பாலிசியின் வாசகத்தில் பாருங்கள்.

மருத்துவமனையிலிருந்து வெளியே வரும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியவை: பிறப்பு எடை, கர்ப்ப வாரம், வைட்டமின் கே ஊசி போட்ட நாள், போட்ட தடுப்பூசிகளின் பெயரும் தொகுதி எண்ணும், செவித்திறன் சோதனை, பிறவிக் குறைபாடுகளைக் கண்டறியும் குதிகால் ரத்தப் பரிசோதனை எடுத்த தேதி. குதிகால் ரத்தம் பொதுவாகப் பிறந்து 24 மணி நேரத்துக்குப் பிறகு எடுப்பார்கள், முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அந்த முடிவு யார் முகவரிக்குப் போகும் என்று கேளுங்கள். வாடகைத் தாயின் பெயரில் பதிவாகி, அவர் வீட்டுக்குக் கடிதம் போய்விட்டால் தைராய்டு குறைபாடு போல உடனே மருந்து தொடங்க வேண்டிய ஒன்று கைநழுவிப் போகும். கர்ப்பகாலத்தில் அவருக்கு எடுத்த ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனை முடிவுகளும் வேண்டும். ஹெபடைடிஸ் பி இருந்தால் குழந்தைக்குப் பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (தயார் நிலை எதிர்ப்புப் புரத ஊசி) போட வேண்டியிருக்கும். தாமதமானால் அதன் பலன் குறையும்.

தங்கும் இடம் விடுதியாக இருந்தால் ஒரு வாரத்தில் நொந்துவிடுவீர்கள். அடுப்படி, துணி துவைக்கும் எந்திரம், லிஃப்ட், எந்நேரமும் வெந்நீர், நடக்கும் தூரத்தில் மருந்துக் கடை. இவ்வளவுதான் தேவை, அழகான காட்சி தேவையில்லை. வாரவாரம் நீட்டிக்கும் உரிமையோடு எடுங்கள். டயப்பர் நாளுக்குப் பத்து பன்னிரண்டு ஆகும். எல்லா ஊரிலும் கிடைக்கும், சுமந்து போகாதீர்கள். கார் சீட் மட்டும் அதைப் பயன்படுத்தப்போகும் நாட்டின் தரமுத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். ஐரோப்பியத் தரமும் அமெரிக்கத் தரமும் வேறு வேறு. ஒன்றின் சீட் மற்றதில் சட்டப்படி செல்லாது. பழையது வாங்காதீர்கள், விபத்தில் அடிபட்டதா என்று வெளியே தெரியாது.

இனி பால். பிரச்சினைகள் பெரும்பாலும் தயாரிப்பில்தான் வரும், பிராண்டில் அல்ல. பால்பவுடர் கிருமி நீக்கியது அல்ல. அதில் இருக்கக்கூடிய குரோனோபாக்டர் என்ற கிருமி பச்சிளங்குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2007 வழிகாட்டுதல் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத நீரில் கலக்கச் சொல்கிறது. புதிதாகப் பிடித்த தண்ணீரை ஒரு லிட்டர் கொதிக்கவைத்து, அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல் பயன்படுத்தினால் அந்தச் சூடு இருக்கும். புட்டியில் முதலில் தண்ணீர், அளவு பார்த்த பிறகு பவுடர். மாற்றிச் செய்தால் பால் கெட்டியாகிக் குழந்தைக்கு உப்பு மிஞ்சும். கரண்டியை அழுத்தி நிரப்பாமல் கத்தியின் பின்புறத்தால் வழித்துவிடுங்கள். குளிர்ந்த நீரில் புட்டியைப் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் சொட்டுவிட்டுப் பார்த்துக் கொடுங்கள். கலந்து இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காததையும், வாய் வைத்த புட்டியில் மீந்ததையும் கொட்டிவிடுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் உள்ளே ஓரிடம் மட்டும் கொதித்திருக்கும், வேண்டாம்.

நாடு மாறும்போது ஏற்படும் பிழை ஒன்று உண்டு: கரண்டி. சில நாட்டு டப்பாவில் 30 மி.லி. நீருக்கு ஒரு கரண்டி, சிலவற்றில் 60 மி.லி.க்கு ஒன்று. ஒரு டப்பாவின் கரண்டியை இன்னொன்றில் போடாதீர்கள். புரியாத மொழி என்றால் லேபிளை மொழிபெயர்த்து டப்பாவிலேயே ஒட்டுங்கள். புட்டித் தண்ணீர் வாங்கினாலும் கொதிக்கவைக்கத்தான் வேண்டும். தாதுநீர் என்றால் லிட்டருக்குச் சோடியம் 200 மி.கி.க்கும் சல்பேட் 250 மி.கி.க்கும் கீழே இருக்கட்டும். டப்பாவில் 70 டிகிரிக்குக் குறைந்த சூட்டை நிறுவனம் எழுதியிருந்தால் எதைப் பின்பற்றுவது என்பதில் மருத்துவர்களிடையே ஒரே குரல் இல்லை. குறைமாதக் குழந்தைக்கும் முதல் இரண்டு மாதத்துக்கும் நான் சூடான நீர் பக்கம்தான். அதைவிட எளிது, கலந்து அடைத்து விற்கும் திரவப் பால். அது கிருமி நீக்கியது. விலை கூடுதல், ஆனால் முதல் வாரத்துக்கும் பயணத்துக்கும் அந்த விலை தகும்.

அளவு: முதல் நாள் ஒரு வேளைக்கு 5 முதல் 15 மி.லி. போதும், வயிறு அவ்வளவுதான். ஒரு வாரம் ஆகும்போது ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மி.லி. மூன்று கிலோ குழந்தைக்கு 450 மி.லி., எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்குச் சுமார் 55 மி.லி. இது வழிகாட்டும் எண், திணிக்க வேண்டிய இலக்கு அல்ல. பால் போதுகிறதா என்பதை டயப்பரும் தராசும் சொல்லும்: ஆறாம் நாளிலிருந்து நாளுக்குக் குறைந்தது ஆறு ஈர டயப்பர், இரண்டு வாரத்துக்குள் பிறப்பு எடை திரும்பி வருவது. முதல் நாட்களில் எடை கொஞ்சம் இறங்கும்; பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கினால் மருத்துவரைப் பாருங்கள். தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை ஆகாது. வயிற்றுவலி மருந்து, கிரைப் வாட்டர் பற்றி நிறைய அறிவுரை வரும். அவை பலன் தரும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. வாடகைத் தாய் விரும்பிப் பால் பீய்ச்சிக் கொடுத்தால் நல்லதுதான், குறிப்பாகக் குறைமாதக் குழந்தைக்கு. அவர் எடுக்கும் மருந்துகளை மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்காக அவரை வற்புறுத்தாதீர்கள்.

எதற்கு ஓடிப் போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உடல் சூடு 38 டிகிரி செல்சியஸ் ஆனால், மற்றபடி குழந்தை நன்றாகத் தெரிந்தாலும், நேரம் பார்க்காமல் மருத்துவமனை. வீட்டில் மருந்து கொடுத்துக் காத்திருக்கக்கூடாது. பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடப்பது, மூச்சுவிடத் திணறுவது, பச்சை நிற வாந்தி, நீலம் பாரித்த உதடு இவையும் அப்படியே. காமாலை இரண்டாம் மூன்றாம் நாள் வந்து இரண்டு வாரத்தில் தணிவது சாதாரணம். முதல் 24 மணி நேரத்திலேயே வந்தால் அவசரம். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் நீடித்து, மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பித்தநாளக் கோளாறா என்று பார்க்க வேண்டும், அதில் தாமதம் ஈரலைக் கெடுக்கும். வெப்பமானி ஒன்றை இங்கிருந்தே எடுத்துப் போங்கள். குழந்தைகள் மருத்துவர் ஒருவரையும், இரவில் திறந்திருக்கும் குழந்தை அவசரப் பிரிவையும் பிரசவத்துக்கு முன்பே கண்டுவையுங்கள். மருத்துவமனையிலிருந்து வந்த சில நாளில் ஒரு பார்வை, இரண்டு வாரத்தில் இன்னொன்று.

உறக்கம்: குழந்தை மல்லாந்து, கெட்டியான தட்டை மெத்தையில், தலையணை போர்வை பொம்மை எதுவும் இல்லாமல். தங்குமிடத்தில் தொட்டில் கேட்டு வாங்குங்கள். சோபாவில் குழந்தையை மார்பில் போட்டபடி தூங்கிவிடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அது நடப்பது பெரும்பாலும் இருவரும் ஒரே நேரத்தில் களைத்துப்போனதால். இரவை இரண்டாகப் பிரியுங்கள்: ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை ஒருவர், இரண்டிலிருந்து ஏழு வரை மற்றவர், முறையில் இல்லாதவர் வேறு அறையில். பிரசவித்தவருக்குத்தான் மனச்சோர்வு வரும் என்றில்லை; பெறாத தாய்க்கும் தந்தைக்கும் வரும். இரண்டு வாரமாக அழுகையும் வெறுமையும் நீங்காமல் இருந்தால் அந்தக் குழந்தை மருத்துவரிடமே சொல்லலாம்.

பறப்பது எப்போது என்பதில் விமானங்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. சில நிறுவனங்கள் இரண்டு நாள் குழந்தையை ஏற்கும், பல ஏழு நாள் கேட்கும், சில மருத்துவச் சான்று கேட்கும். நிறைமாத ஆரோக்கியமான குழந்தைக்கு இரண்டு வாரம் கழிந்தால் கவலை குறைவு. ஆனால் அந்த எண்ணைத் துல்லியமாக நிறுவிய ஆய்வு கிடையாது. விமான அறையின் காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம். நுரையீரல் முதிராத குறைமாதக் குழந்தையை அது பாதிக்கலாம், அதனால் அவர்களுக்குப் பிறந்த நாளைப் பார்க்காமல் பிறந்திருக்க வேண்டிய நாளை வைத்துக் கணக்கிட்டு மருத்துவர் எழுதித் தர வேண்டும். பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகே டிக்கெட், அதில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே. தற்காலிகப் பயண ஆவணத்தோடு போவதானால் இடைநிறுத்தம் இல்லாத விமானம் பாருங்கள். இடையில் உள்ள நாடு அந்தத் தாளை ஏற்காமல் போகலாம். தொட்டில் இருக்கையை முன்பதிவின்போதே கேளுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் புட்டியைக் கொடுங்கள், காது அடைக்காது. பயண நேரத்தோடு எட்டு மணி நேரத்துக்குக் கூடுதலான பால் கைப்பையில் இருக்கட்டும். குழந்தை உணவுக்கு 100 மி.லி. கட்டுப்பாடு பொதுவாகக் கிடையாது, சோதனைச் சாவடியில் தனியாக எடுத்துக் காட்டுங்கள். சான்றிதழ், நீதிமன்ற ஆணை இருந்தால் அது, ஒப்பந்த நகல் எல்லாம் உங்கள் தோளில் இருக்கும் பையில். கேட்டால் மட்டும் காட்டினால் போதும்.

வந்து சேர்ந்தபின் ஒரு காலக்கெடு காத்திருக்கும். பிரிட்டனின் 2008 சட்டம் பெற்றோர் ஆணைக்கு (உங்களைச் சட்டப்படி பெற்றோராக்கும் நீதிமன்ற ஆணைக்கு)க் குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கச் சொல்கிறது. வேறு நாடுகளில் தத்தெடுப்பு, அங்கீகாரம் என்று வேறு பெயரில் வேறு கெடு இருக்கும். உங்கள் நாட்டுக் கெடு எது என்று இப்போதே வழக்கறிஞரிடம் கேட்டு, வாடகைத் தாயிடமிருந்து அதற்கென்று தனிக் கையெழுத்து ஏதாவது வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். சில ஒப்புதல்கள் பிறந்து குறிப்பிட்ட வாரங்கள் கழிந்த பிறகே செல்லும், பிரிட்டனில் அது ஆறு வாரம். நீங்கள் அந்த நாட்டை விட்டுக் கிளம்பியபின் அவர் யார் முன்னிலையில் கையெழுத்திடுவார், அந்தத் தாள் எப்படி உங்களிடம் வரும் என்பதைப் புறப்படுமுன் அவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.